கல்லிலும் தாளிலும் கடவுட் குறிகள்

சென்ற கோடை விடுமுறையில், எம் பாட்டனாரின் கல்லறைக்குக் கல் நாட்டும் பொருட்டு, தந்தையாரும் பாட்டியாரும் யானும் காசிமேட்டிலுள்ள ஒரு கல்வேலைக் கூடத்திற்குச் சென்றிருந்தோம். பாட்டனார் இராயபுரத்திற் பிறந்து, சென்னைத் துறைமுகத்து இழுவைப் படகொன்றில் முப்பத்திரண்டு ஆண்டு பணிசெய்து, காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானவர். கூடத்திலே மெருகேற்றிய கருங்கற் பலகைகள் சுவரிற் சார்த்தப்பெற்றிருந்தன. கல்வேலை செய்பவர் எண்ணெய்க் கறை படிந்த ஒரு படத்தொகுப்பை எம்முன் விரித்து, "தம்பி, ஏசு முகம் போடலாம், புறா போடலாம், முக்கோணத்துக்குள்ள கண்ணு போடலாம், கை போடலாம், எது வேணுமோ சொல்லுங்க. சிலுவை எல்லாக் கல்லுக்கும் உண்டு, அதுக்குத் தனியாக் காசு இல்ல" என்றார்.

தந்தையார், "பெயரும் ஆண்டும் ஒரு வசனமும் போதும். கடவுளைக் கல்லில் வெட்டுவது நம் வீட்டு வழக்கமில்லை" என்றார். பாட்டியார் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து எம் குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர், "வெறுங்கல்லுக்கு அடியிலயா அவரைப் படுக்க வைக்கிறது?" என்று ஒரே வினா வினவி வாய்மூடிக் கொண்டார். அன்று ஒன்றும் முடிவாகாமல் வீடு திரும்பினோம். அவ்வாரம் முழுதும் எம் இல்லத்தில் எவரும் உரக்கப் பேசிற்றிலர்.

நிற்க. இவ்வில்லறப் பூசலை நம் சஞ்சிகையின் வாசகர்கட்கு ஏன் உரைக்கின்றேன் எனில், அப்படத்தொகுப்பில் யான் கண்ட கையும் கண்ணும் புறாவும் எங்கிருந்து வந்தன, அவை எப்பொருளைக் குறிப்பன என்று எனக்கு அன்று ஒன்றுமே தெரிந்திலது. யான் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன். சித்திர நூல் பயின்றவனல்லேன். எனினும் விடுமுறை கழிந்தபின் நூலகத்தில் இதுபற்றித் தேடத் தொடங்கினேன். எம் தந்தையாரும் பாட்டியாரும் ஐந்து நிமிடத்தில் தொடங்கி முடித்த வழக்கு, கிறிஸ்தவ உலகில் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த வழக்கே என்பதை அங்கே அறிந்தேன்.

தந்தையாருடைய கட்சிக்கு மூலம் வேதத்திலேயே உண்டு. யாத்திராகமத்தின் பத்துக் கற்பனைகளுள் ஒன்று, மேலே வானத்திலும் கீழே பூமியிலும் உள்ள எதற்கும் ஒப்பான உருவத்தைச் செய்து வணங்கலாகாது என விலக்குகின்றது. உபாகமம் நான்காம் அதிகாரம் அதற்குக் காரணமும் கூறுகின்றது: ஓரேப் மலையடியில் நின்ற மக்கள் நெருப்பினின்று எழுந்த குரலைக் கேட்டனரேயன்றி உருவொன்றையும் கண்டிலர். காணாத ஒன்றை எங்ஙனம் வரைதல் கூடும்?

ஆயினும் முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் ஒன்றையும் பொறியாது இருந்தாரல்லர். எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் கி. பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஆசிரியர் கிளமெந்து என்பார், கிறிஸ்தவர் தம் முத்திரை மோதிரங்களில் எவற்றைச் செதுக்கலாம், எவற்றைச் செதுக்கலாகாது என்று ஒரு விதி எழுதியுள்ளார். அக்காலத்தில் கடிதத்திற்கும் சரக்கிற்கும் முத்திரை இன்றியமையாதது. ஆதலின் மோதிரத்தை ஒழிக்க இயலாது. தேவர்களின் முகங்கள் ஆகா. சமாதானத்தை நாடுவோர்க்கு வாளும் வில்லும் ஆகா. மிதமாய் வாழ்வார்க்கு மதுக்கிண்ணம் ஆகாது. ஆவன எவையெனில், புறா, மீன், காற்றில் விரையும் கப்பல், யாழ், நங்கூரம் என்பன. மீன்பிடிப்போன் உருவைச் செதுக்கினால் அப்போஸ்தலனையும் நீரினின்று எடுக்கப்பெறும் குழந்தைகளையும் நினைக்கலாம் என்றும் கூறுகின்றார். கிறிஸ்துவின் முகம் இப்பட்டியலில் இல்லை என்பது கருதத்தக்கது.

இப்பட்டியலைப் படித்தபோது எனக்கு நகையும் வியப்பும் ஒருங்கே தோன்றின. யாழொன்று நீங்கலாக, அவர் கூறிய அனைத்தும் எங்கள் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருசேரக் காணத்தக்கவை. கடற்கரைத் தொழிலாளர் தெருவில் வேண்டியிருந்த பொருள்களையே அவ்வாசிரியர் கடவுளை நினைப்பிக்கும் கருவிகளாகத் தேர்ந்தெடுத்தார் போலும்!

இவற்றுள் மீனின் கதை பலரும் அறிந்ததே. கிரேக்க மொழியில் மீனுக்கு இக்துஸ் என்று பெயர். அச்சொல்லின் ஐந்து எழுத்துக்களும், இயேசு, கிறிஸ்து, கடவுளின், குமாரன், இரட்சகர் என்னும் பொருளுடைய ஐந்து கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துக்கள். ஆதலின் மீனை வரைந்தவன் ஒரு விசுவாச அறிக்கையையே வரைந்தான். நங்கூரமோ எழுத்து விளையாட்டன்று. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம் நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்று கூறுகின்றது. உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளாகிய பிரிசில்லா, தொமித்தில்லா முதலியவற்றில் இறந்தார் பெயருக்கு அருகே இந்நங்கூரம் செதுக்கப்பெற்றிருக்கின்றது. நங்கூரத்தின் தண்டையும் அதன்மீதுள்ள குறுக்குக் கட்டையையும் மட்டும் நோக்குவார்க்கு அது சிலுவையாகவே தோன்றும். சிலுவை கொலைத் தண்டனைக் கருவியாயிருந்த காலத்தில், அதனை வெளிப்படையாய்ப் பொறியாமல் இங்ஙனம் மறைத்துப் பொறித்தனர் என்பது அறிஞர் பலரின் கருத்து.

இனி, இக்குறிகள் பொருளுணர்த்தும் முறை யாது? மேனாட்டு நூல்கள் இதனை விரித்துக் கூறுகின்றன; ஆனால் நம் வகுப்பறையிற் பயிலும் இலக்கணமே இதனைத் தெளிவாக விளக்கப் போதுமானதென்பது என் துணிபு. தலைக்கு ஒரு பழம் கொடு என்னும்போது தலையென்னும் உறுப்பின் பெயர் அதனையுடைய ஆளுக்கு ஆகி வருகின்றது. இதனைச் சினையாகுபெயர் என்கின்றோம். பழைய கிறிஸ்தவச் சித்திரங்களிலும் செதுக்குகளிலும், மேகத்தினின்று கீழ்நோக்கி நீளும் ஒரு கை பிதாவாகிய கடவுளைக் குறிக்கும். முகமில்லை, உடலில்லை, கை மட்டுமே. இவ்வழக்கைக் கிறிஸ்தவர் யூதரிடமிருந்து பெற்றனர் எனலாம். சிரியா நாட்டுத் தூரா எயுரோப்பொசு என்னும் ஊரில் கி. பி. 245-ஐ ஒட்டித் தீட்டப்பெற்ற யூத செபக்கூடத்துச் சுவர்ச் சித்திரங்களில் இக்கை பன்முறை காணப்படுகின்றது. உருவத்தை விலக்கிய அதே கற்பனையைப் போற்றியவர்களே இக்கையைத் தீட்டினர். கடவுள் இத்தகையவர் என்று அவர்கள் காட்டத் துணிந்திலர். கடவுள் செய்தார் என்பதையே காட்டினர். கல்வேலைக் கூடத்துப் படத்தொகுப்பிலிருந்த கை இதன் வழிவந்ததே.

ஆகுபெயரினும் நுட்பமானது உள்ளுறை. அகப்பாட்டில் தலைவி தன் கருத்தை நேரே கூறாது, நிலத்திலுள்ள பறவையையும் விலங்கையும் நீரையும் மலரையும் கூறி அவற்றின் வாயிலாகத் தலைவனுக்கு உணர்த்துவள். இவ்வுள்ளுறைக்குக் கருப்பொருள்களே இடமாகும் எனினும், அவற்றுள் தெய்வம் ஒன்றை மட்டும் ஒழித்து ஏனையவற்றைக் கொள்க என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் வரையறை செய்தார். இவ்விலக்கை முதன்முறை படித்தபோது யான் அதனைப் பொருட்படுத்திலேன். இப்போது அதன் நுட்பம் விளங்குவதுபோல் தோன்றுகின்றது. பறவையும் பூவும் பிறிதொன்றைச் சுட்டும் விரல்களாகலாம். தெய்வத்தைப் பிறிதொன்றிற்குச் சுட்டுவிரலாக்குதல் தகாது. தொல்காப்பியர் காதற் பாட்டிற்கு வகுத்த விதியைக் கிறிஸ்தவச் செதுக்குகளுக்கு ஏற்றிக் கூறுதல் வலிந்து பொருள்கொள்வதாகும் என்று எம் ஆசிரியர் கடிந்துகொள்ளக்கூடும். ஆயினும் கிளமெந்தின் மோதிரப் பட்டியல் இவ்விலக்கணத்திற்கு மாறின்றி நடக்கின்றது: கடலின் கருப்பொருள்கள் உள்ளன, தெய்வத்தின் முகம் இல்லை.

இம்முறை நெடுங்காலம் நிலைத்திலது. கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாகச் செதுக்கும் வழக்கம் மிகப் பரவியபோது அதற்கு ஒரு தடை எழுந்தது. கி. பி. 692-இல் கான்ஸ்டாண்டிநோபிளிற் கூடிய சங்கம், இனி ஆட்டுக்குட்டிக்கு ஈடாகக் கிறிஸ்துவின் மனித உருவையே எழுதுக என்று தன் எண்பத்திரண்டாம் விதியால் கட்டளையிட்டது. நிழல் வேண்டாம், மெய்யே வந்துவிட்டது என்பது அதன் கருத்து. உரோமாபுரியின் ஆயர் முதலாம் செர்கியு இச்சங்கத்தின் முடிவுகளை ஏற்க மறுத்தார். ஆட்டுக்குட்டியை விளித்துப் பாடும் பாட்டை வழிபாட்டிற் புகுத்தியவரும் அவரே என்பர். சட்டத்திற்குப் பாட்டினால் மறுமொழி கூறிய அவர் திறம் போற்றத்தக்கது. அதனாலேயே மேற்குத் திருச்சபையில், சிலுவைக் கொடியைத் தாங்கி நிற்கும் ஆட்டுக்குட்டி இன்றளவும் பீடங்களிலும் ஆடைகளிலும் காணப்படுகின்றது.

அடுத்த நூற்றாண்டில் உருவங்களையே உடைத்தெறிந்த பெருங்கலகம் எழுந்தது. அதன் வரலாறு நெடிது. ஈண்டு வேண்டுவது ஒன்றே. தமஸ்கு நகரத்து யோவான் என்னும் துறவி, உருவமற்ற கடவுளை யான் வரையேன், மாம்சத்தில் வந்து காணப்பட்ட கடவுளையே வரைவேன் என்னும் கருத்துப்பட வாதிட்டார். கி. பி. 787-இல் நிக்கேயாவிற் கூடிய சங்கம், சித்திரத்திற்குச் செய்யும் மரியாதை சித்திரிக்கப்பட்டவருக்கே சென்று சேரும் என்றும், ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது என்றும் முடிவு செய்தது. எம் பாட்டியார் இச்சங்கத்தின் பெயரைக் கேட்டறியாதவர். ஆனால் மாதா படத்தின் முன் விளக்கேற்றும்போது, "படத்தையா கும்பிடுறேன்?" என்று அவர் எம்மைக் கேட்பது அச்சங்கத்தின் தீர்ப்பேயாம்.

கண்ட கடவுளை வரையலாம் எனின், காணாத பிதாவை வரையலாமோ? பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சுச் சித்திரம் பெருகியபோது இவ்வினா கூர்மையுற்றது. ஓவியம் கோயிற் சுவரில் ஓரிடத்தே இருப்பது. அச்சிட்ட தாளோ சந்தைக்குச் சென்று ஏழையின் வீட்டுக் கதவிலும் ஒட்டப்படுவது. அச்சுச் சித்திரத்தின் தொழில்முறையை ஈண்டுச் சிறிது விளக்குதல் நன்று. மரக்கட்டைச் சித்திரத்தில் தொழிலாளி கோடுகளை மேடாக விட்டு, வெண்மையாக வேண்டிய இடத்தையெல்லாம் உளியாற் குடைந்து நீக்குவான். மேட்டில் மை தடவித் தாளில் ஒற்றுவான். செப்புத் தகட்டில் இதற்கு மறுதலை. கூருளியால் தகட்டிற் கீறிய பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, நனைத்த தாளை வைத்து உருளையிடை அழுத்துவான். பள்ளத்து மை தாளில் ஏறும். இரண்டிலும் ஒன்று பொது: ஒளிக்கென்று ஒரு மை இல்லை. ஒளி என்பது மை படாத வெறுந் தாளே. புறாவைச் சுற்றி, அல்லது மேகத்தின் நடுவில், கடவுளின் மகிமையைக் காட்ட விரும்பும் செதுக்குத் தொழிலாளி, சுற்றிலும் கோடுகளை நெருக்கி நடுவிடத்தைத் தொடாமல் விட்டுவிடுகின்றான். பொன்னும் வண்ணமும் உடைய ஓவியன் கடவுளின் ஒளியைப் பூசிக்காட்டலாம். இவனால் விட்டுத்தான் காட்ட இயலும். இத்தொழிலின் வறுமையே இதற்குப் பெருமையாயிற்று என்று யான் கருதுகின்றேன்.

செருமனி நாட்டு நூரெம்பெர்க் நகரத்து ஆல்பிரெக்து தூரர் கி. பி. 1511-இல் வெளியிட்ட திரித்துவம் என்னும் மரக்கட்டைச் சித்திரம் இவ்வகையிற் சிறந்ததென்பர். மகுடமணிந்த முதியவராகிய பிதா, சிலுவையினின்று இறக்கப்பட்ட குமாரனின் உயிரற்ற உடலைத் தம் கைகளில் தாங்கியிருக்கின்றார். மேலே புறா உருவில் பரிசுத்த ஆவி. சுற்றிலும் தேவதூதர் சிலுவை முதலிய பாடுகளின் கருவிகளை ஏந்துகின்றனர். முதியவர் உருவம் தானியேல் ஏழாம் அதிகாரத்தில் வரும் நீண்ட ஆயுசுள்ளவரின் தரிசனத்தினின்று வந்தது. புறா, யோர்தான் ஆற்றில் நிகழ்ந்த ஞானஸ்நானத்தினின்று வந்தது. ஆக, வேதத்திற் கண்டவையன்றி ஒன்றும் புதிதாகப் புனையப்படவில்லை. இச்சித்திரத்தின் நகல் ஒன்றை முதலில் நோக்கியபோது யான் கடவுட் கொள்கை எதனையும் நினைத்திலேன். மகனைத் தூக்கிய தந்தையின் முகத்தையே நினைத்தேன். தந்தையாரிடம் அதனைக் காட்டினேன். அவர் நெடுநேரம் நோக்கியிருந்து, "முகத்தை வரைந்திருக்க வேண்டாம்" என்று மட்டும் கூறினார்.

மூவரை இங்ஙனம் மூன்றாக எழுதினால் ஒருமை தெரியாது. ஒன்றாக எழுதினால் மூவர் தெரியார். இவ்விடர் தீர்க்கச் சிலர் ஒரே தலையில் மூன்று முகங்களை அமைத்துச் செதுக்கினர். இவ்வுருவம் நூல்களிலும் கோயில்களிலும் பரவவே, கி. பி. 1628-இல் எட்டாம் உர்பன் என்னும் போப்பாண்டவர் அதனைத் தடைசெய்தார். 1745-இல் பதினான்காம் பெனதிக்து அத்தடையை மீண்டும் வலியுறுத்தினார். புறா, கை, ஆட்டுக்குட்டி என்பன, 'யாம் குறியே, பொருளல்லேம்' என்று தாமே ஒப்புக்கொள்வன. மூன்று முகத் தலையோ, 'இதுவே பொருள்' என்று கூறுவதுபோல் நிற்கின்றது. புதிரை விடுவிக்க முயன்ற சித்திரம் கடவுளை விந்தைப் பிறவியாக்கிவிட்டது.

மூன்றையும் ஒன்றையும் ஒருங்கே காட்டும் முயற்சி மேனாட்டார்க்கே உரியதன்று. எங்கள் வீட்டினின்று வடக்கே பேருந்தில் அரைமணி நேரத்தில் அடையத்தக்க திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் ஏகபாத திரிமூர்த்தியின் சிற்பம் ஒன்று உண்டு. நடுவில் சிவபெருமான் ஒற்றைக் காலில் நிற்க, அவருடைய இருபுறத்தினின்றும் பிரமனும் திருமாலும் கிளைத்து எழுகின்றனர். கோபிநாதராவ் தம் இந்து உருவ நூலில் இதனைக் குறித்துள்ளார். இதன் கொள்கை வேறு, கிறிஸ்தவத் திரித்துவக் கொள்கை வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் இரு சமயத்தார்க்கும் செய்யும் பிழையாகும். ஆயினும் சிற்பியின் இடர் ஒன்றே. அத்தமிழ்ச் சிற்பி முகத்தை ஒட்டாமல் காலை ஒன்றாக்கினான். வேரில் ஒருமையும் கிளையிற் பன்மையும் தோன்ற அமைத்தான். மூன்று முகத் தலையைக் கண்டபின் இச்சிற்பத்தைக் காண்பார்க்கு இவனுடைய நாகரிகம் விளங்கும். அதே கோயிலில் மூலவராகிய ஆதிபுரீசுவரர் திருமேனி ஆண்டு முழுதும் கவசத்தால் மூடப்பட்டிருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களே திறக்கப்படும். மறைத்தலும் ஒரு காட்டுதல் என்பதை எங்கள் வடசென்னையில் இருவேறு சமயத்தாரும் அறிந்திருக்கின்றனர்.

சீர்திருத்தச் சபையார் தோன்றியபின் பிதாவின் முதிய முகம் அவர்களுடைய வேதப் பதிப்புக்களினின்று மறைந்தது. அவ்விடத்தில் கடவுளின் பெயராகிய எபிரெய நான்கெழுத்து வந்தமர்ந்தது. கவர்டேல் என்பார் 1535-இல் வெளியிட்ட ஆங்கில வேதத்தின் முகப்புக்கு ஹோல்பைன் என்னும் ஓவியர் எழுதிய கட்டைச் சித்திரத்தில், உச்சியில் கதிர்களின் நடுவே இந்நான்கெழுத்தே நிற்கின்றது. மெரியன் என்பார் பதினேழாம் நூற்றாண்டில் செதுக்கிய வேதச் சித்திரங்களிலும் கடவுள் தோன்ற வேண்டிய இடந்தோறும் இவ்வெழுத்தே ஒளிவிடுகின்றது. குரலைக் கேட்டோம், உருவைக் கண்டிலேம் என்னும் உபாகமத்தின் கூற்றுக்கு இஃது ஏற்றதே. ஆயினும் ஒன்று கருதுக. அத்தாள்களை வாங்கிய உழவரும் கைத்தொழிலாளரும் எபிரெயம் படிக்க அறியாதவர். அவர்களுக்கு அவ்வெழுத்து எழுத்தன்று. மேகத்தில் தோன்றும் விந்தையான ஒரு வடிவமே. உருவை நீக்கி எழுத்தை வைத்தார். வைத்த எழுத்தும் உருவாயிற்று.

கல்லறைக் கற்களில் நாம் காணும் மூன்று உரோம எழுத்துக்களின் செய்தியும் இத்தகையதே. அவை இயேசு என்னும் கிரேக்கப் பெயரின் முதல் மூன்று எழுத்துக்கள். இயேசு சபையார் அவற்றின்கீழ் மூன்று ஆணிகளைச் சேர்த்துத் தம் முத்திரையாக்கினர். எங்கள் தெருவிலோ அவற்றிற்கு ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றை விரிவாகக் கூறி மகிழ்வாரும் உளர். முக்கோணத்தினுள் அமைந்த கண், திரித்துவக் கடவுள் யாவற்றையும் காண்கின்றார் என்பதைக் குறிக்கும். அமெரிக்க நாட்டு ஒரு டாலர்த் தாளில் 1935 முதல் அச்சிடப்பெற்று வருவதால் இன்று பலர் அதனைப் பணத்தின் குறியென்றே எண்ணுகின்றனர்.

இனி நம் நகரத்துச் செதுக்கு ஒன்றைக் கூறாது விடுதல் தகாது. பரங்கிமலையின் உச்சியிலுள்ள கோயிற் பீடத்தில் பதிக்கப்பெற்றிருக்கும் கற்சிலுவை, 1547-இல் போர்த்துகேசியர் அங்குக் கோயில் கட்ட நிலத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்டது. அதனைச் சூழ வளைவாகப் பகலவி எழுத்துக்கள் வெட்டப்பெற்றிருத்தலின், பாரசீகத்தோடு தொடர்புடைய பண்டைக் கிறிஸ்தவர் செய்தது அஃதென்பது தெளிவு. காலம் ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டாகலாம் என்பர். கோட்டயம் முதலிய சேரநாட்டுக் கோயில்களிலும் இவ்வகைச் சிலுவைகள் உள. இச்சிலுவையில் அறையுண்ட உடல் இல்லை. நான்கு முனைகளும் மொட்டு அவிழ்வனபோல் விரிகின்றன. அடியில் இதழ்கள், மேலே தலைகீழாக இறங்கும் புறா. இருபுறமும் தூண்களும் அவற்றின்மேல் மகரங்களும் வளைவைத் தாங்குகின்றன. இறந்தவரைக் காட்டாது சிலுவையை மட்டும் தளிர்க்கச் செய்தமையால், இறப்பு மட்டுமன்றி உயிர்த்தெழுதலும் குறிப்பாற் பெறப்படுகின்றது. அகழ்ந்தெடுத்த போர்த்துகேசியர் பாடுபட்ட உருவங்களோடு வந்தவர்கள். மண்ணிற் கிடைத்ததோ பூத்த சிலுவை. உள்ளுறையின் இயல்பை ஒரு கல்லில் காட்டவேண்டின் யான் இதனையே காட்டுவேன்.

அச்சுத் தாள்கள் நம் நாட்டிற்கு வந்தபோது நிகழ்ந்த ஒன்றையும் சுருங்கக் கூறுவல். 1580-இல் இயேசு சபைத் துறவியர் அக்பர் அவைக்குச் சென்று, ஆண்டுவர்ப் நகரத்து அச்சான பன்மொழி வேதத் தொகுதிகளை அளித்தனர். பின் வந்த ஆண்டுகளில் செதுக்குத் தாள்கள் பல அவ்வரண்மனையை அடைந்தன. 1600-ஐ ஒட்டி, அபுல் அசன் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், தூரர் செதுக்கிய ஒரு செப்புத் தகட்டுத் தாளினின்று, சிலுவையடியில் கைகோத்து வருந்தும் யோவான் உருவத்தை மட்டும் தனியே எடுத்து வரைந்தான். அது இன்று ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் காட்சிச்சாலையில் உள்ளது. இசுலாமியக் குடும்பத்துச் சிறுவன் கடவுளுருவை விடுத்துக் கடவுளை நோக்கி அழும் மனிதனைத் தேர்ந்தான்! அவன் நினைத்தது யாதோ அறியோம். யான் அதனை ஒரு சிறந்த தேர்வாகவே கொள்கின்றேன்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். தமிழ்க் கத்தோலிக்கர் பேதுருவை இராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் வழங்குவர். இராயபுரம் என்னும் பெயர் அவ்விராயப்பரால் வந்ததென்பது ஊர் வழக்கு. அங்குள்ள புனித இராயப்பர் கோயிலை 1829-இல் எழுப்பியவர் குருகுல வமிசத்துப் படகுத் தொழிலாளர். துறைமுகம் கட்டப்படுமுன், கப்பலினின்று ஆளையும் சரக்கையும் அலை கடந்து கரைசேர்த்தவர் மசுலாப் படகுக்காரரே. இராயப்பருக்குரிய குறிகள் திறவுகோல், சேவல், படகு, வலை என்பன. திறவுகோல் இரண்டு: ஒன்று கட்ட, ஒன்று அவிழ்க்க. சேவல் அவருடைய பிழையைக் குறிப்பது. மும்முறை மறுதலித்த பின் அது கூவிற்று. ஓர் அடியாரைக் குறிக்க அவருடைய பிழையையே குறியாக்கிய துணிவு என்னைக் கவர்ந்தது. போப்பாண்டவர் அணியும் மீனவர் மோதிரத்திலும் இராயப்பர் படகிலிருந்து வலை வீசும் காட்சியைச் செதுக்குவது பழைய மரபு. 1265-இல் நான்காம் கிளமெந்து எழுதிய கடிதத்தில் அம்மோதிரம் குறிக்கப்பெற்றுள்ளது. அணிந்தவர் இறந்ததும் அதனைச் சிதைத்துவிடுவது மரபு. மீன்பிடிப்போன் உருவை மோதிரத்திற் செதுக்கலாம் என்று அலெக்சாந்திரியாவின் கிளமெந்து கூறி ஆயிரம் ஆண்டு கழிந்தபின் அதே பெயருடைய மற்றொருவர் விரலில் அது விளங்கிற்று.

விடுமுறைக்கு வீடு சென்றபோது இவற்றையெல்லாம் தந்தையாரிடமும் பாட்டியாரிடமும் கூறினேன். திரித்துவச் சித்திரத்தையும் நான்கெழுத்தையும் பற்றிப் பாட்டியார் பொறுமையோடு கேட்டார். உரோமாபுரிக் கல்லறை நங்கூரத்தைக் கூறியதும் நிமிர்ந்து அமர்ந்தார். "அவரு நங்கூரத்தோடயே கெடந்தவருடா" என்றார். தந்தையார் எழுந்து சென்று வேதத்தைக் கொணர்ந்து எபிரெயர் ஆறாம் அதிகாரத்தை எடுத்து, அவ்வசனத்தை ஒருமுறை தமக்குள்ளும் ஒருமுறை உரக்கவும் படித்தார். பின்னர் எவரும் மறுத்துப் பேசவில்லை.

கல்வேலைக் கூடத்துப் படத்தொகுப்பில் நங்கூரம் இல்லை. ஆதலின் யானே ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். அதில் மேல் வளையத்தை விட்டுவிட்டேன். பாட்டியார் அதனைக் கண்டு, கயிறு எங்கே கட்டுவது என்று கடிந்து திருத்தினார். கருங்கல்லில் உளி பட்ட இடமே வெளுத்துத் தோன்றும். ஆதலின் மெருகிட்ட கரிய பரப்பில் நங்கூரம் வெள்ளையாய் எழுந்தது. புதிய உருவம் ஆகையால் அதற்கு முந்நூறு ரூபாய் மிகுதியாகக் கேட்டார். கொடுத்தோம். பிறகு அவர் கல்லின் உச்சியைச் சுட்டி, "சிலுவையை எங்க வைக்கட்டும்?" என்று வினவினார். தந்தையார் நங்கூரத்தின் குறுக்குக் கட்டைமேல் விரலை வைத்து, "இங்கேயே இருக்கிறது" என்றார்.